மூன்றாம் இடம்

முதலிடம் இன்னும் காலி.
பாழான ஜெராக்ஸ் தாளின் முதுகில்
ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டு
(மறுபக்கம் யாருடையதோ வில்லங்கச் சான்றிதழ்)
செக்காலை ரோட்டில், உமையாள் ஜெராக்ஸ் ஷட்டரைப் பாதி இறக்கி,
நானும் ஜியாவுதீனும் சண்டை போடுகிறோம்.

பதினொரு கேசட்.
பள்ளத்தூரில் ஒரு வீடு காலியானபோது
இரும்புக் கடைக்கு வந்தவை.
கிலோ நாற்பது, பிளாஸ்டிக் கணக்கில்.
முள் ஒரு கிலோ தொண்ணூறு கிராமில் நின்றது.
தொண்ணூறை விட்டுக்கொடுத்தார் கடைக்காரர்.
டிவியில் மாட்டுகிற பெட்டியும் இரண்டு கன்ட்ரோலரும் இனாம்.

எல்லாம் ஜப்பான் எழுத்து.
எல்லாம் வாள், மந்திரம், ஊர் ஊராய் நடை.
பேர்கள் நாங்கள் வைத்தவை:
தவளை ராஜா. உப்புக் கப்பல். ஏழு கிணறு.
அண்ணன் செத்துப்போகிற கேசட்.
நாயகனுக்குப் பேர் கேட்டால்
வடிவம் பார்த்து எழுத்துப் பொறுக்குவேன்:
தூண்டில் முள் மாதிரி ஒன்று,
பாதியில் விட்ட கைமுறுக்கு மாதிரி ஒன்று.
உலகத்தை ஒன்பது முறை காப்பாற்றியவன்
முள்முறுக்கு.

தவளை ராஜா பதினொன்று. அதில் தகராறில்லை.
பத்தடிக்கு ஒருதரம் அதே மூன்று வௌவால்,
சில்லறை இல்லை என்றாலும் நகராத கண்டக்டர் மாதிரி.
உப்புக் கப்பல் எட்டா ஐந்தா என்பதில்
இரண்டு டீ ஆறிப்போயின.
"மியூசிக்கக் கேளுங்க ஆச்சி. அதுக்கே அஞ்சு குடுக்கலாம்."
"எங்க போறதுன்னு தெரியாம நாலு மாசம் கடல்ல சுத்துனது நானு. எட்டு."
ஏழு என்று எழுதினோம்.
இருவருக்கும் பிடிக்கவில்லை.

அண்ணன் கேசட்தான் முதலிடம் என்கிறார்.
ஒரு வரி புரியாமலே அழுதவர்.
அண்ணனா என்பதே நமக்குத் தெரியாதே,
கடன் குடுத்தவனாகக்கூட இருக்கலாம் என்றேன்.
இரண்டு நாள் கடைப் பக்கம் வரவில்லை.

ஏழு கிணறு வேறு கதை.
முதல் நாள் போட்டபோதே உள்ளே ஒரு ஆள் இருந்தார்.
அறுபத்தொரு மணி, நாற்பது நிமிடம்.
கடைசிக் கதவுக்கு முன்னால்.
பையில் தொண்ணூற்றொன்பது மூலிகை,
ஒன்றைக்கூடச் செலவழிக்காத கை.
பேர் நாலு எழுத்து.
போனைக் காட்டினால் படித்துச் சொல்லும்.
காட்டவில்லை.
அவருக்குக் கீழ் வரியில் எங்கள் ஆட்டத்தைத் தொடங்கினோம்,
யாரோ துண்டு போட்டுவைத்த சீட்டுக்குப் பக்கத்தில்
ஒடுங்கி உட்காருகிற மாதிரி.

சித்திரையில் ஜியாவுதீன் மீட்டர் வைத்துப் பார்த்தார்.
காசளவு பேட்டரி. இரண்டு புள்ளி மூன்று.
"ஆடி தாண்டாது."
கழற்றினால் அந்த ஆள் போய்விடுவார்.
கழற்றாவிட்டாலும்.
ஒரே வழி,
ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே
பழையதை எடுத்துப் புதியதைப் பற்றவைப்பது.
ஏழு நிமிடம்.
காரைக்குடிக் கரண்டுக்கு ஏழு நிமிடம் யார் ஜாமீன்?
ஈ.பி. ஆபீசுக்குப் போன் போட்டு
"ஆபரேசன் நடக்குது, கட் பண்ணிறாதீங்க" என்றேன்.
"எந்த ஆஸ்பத்திரிம்மா?"
வைத்துவிட்டேன்.

ஈயம் உருகும் வாடை.
மின்விசிறியை நிறுத்தியிருந்தோம்.
ஐந்தாம் நிமிடத்தில் டியூப்லைட் ஒருதரம் கண்ணடித்தது.
அவர் கை நிற்கவில்லை.
உதடு மட்டும் எதையோ ஓதியது.

அணைத்தோம்.
போட்டோம்.
அறுபத்தொரு மணி, நாற்பது நிமிடம்.
கதவு. மூலிகை. நாலு எழுத்து.

"அப்ப இதுதான் ஃபர்ஸ்ட்டு" என்றார்,
அண்ணனையும் மறந்து, கழுத்து வேர்வையைத் துடைத்தபடி.

யோசித்தேன்.
சண்டை ரொம்ப மெதுவு.
நாலாவது கிணற்றுக்கு மேல் எல்லாக் குகையும் ஒரே குகை.
பிழைத்துக்கொண்டதற்கெல்லாம் மார்க் போட முடியுமா?
மூன்று என்று எழுதினேன்.
அடித்து இரண்டாக்கினார்.
மறுபடி மூன்றாக்கினேன்.
அவர் பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்து
துண்டு சுருண்டு மறுபக்கம் காட்டியது:
வடக்கே ஊருணி,
தெற்கே